பாரீஸில் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை

போன வாரம் மகள் என்னை அவிநாசி சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போனாள். கண்ணாடிக் கதவு, அரை இருட்டு, ஆளுக்கொரு மெத்தை நாற்காலி. மெனு அட்டை கிடையாதாம். மேஜையில் ஒட்டியிருக்கும் கறுப்புக் கட்டத்தைப் போனில் பிடித்தால் உணவுப் பட்டியல் வருமாம். நான் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அவள் எனக்கும் சேர்த்து ஆர்டர் கொடுத்து முடித்துவிட்டாள். அப்போது சமையலறைக் கதவு ஒருமுறை திறந்து மூடியது. வெண்ணெய் சட்டியில் நுரைத்து, நுரை அடங்கி, கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் ஒரு மணம் வருமே, அது வந்தது.

"ஏப்பா, என்னாச்சு?" என்றாள் மகள்.

"ஒன்னுமில்ல கண்ணு."

ஒன்றுமில்லாமல் இல்லை. அம்மா வெண்ணெய் உருக்கி, கடைசியில் ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போட்டு இறக்கும்போது எங்கள் வீடு முழுக்க அந்த மணம்தான். ஆனால் எனக்கு அம்மா ஞாபகம் வரவில்லை. பாரீஸில் ஒரு சந்து ஞாபகம் வந்தது. எதிரே ஒரு காலி நாற்காலி, மேஜையில் தொடாத இரண்டு மீன் தட்டுகள். நான் பாரீஸ் என்று ஆரம்பித்தாலே வீட்டில் எல்லோருக்கும் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். நீங்கள் கொஞ்சம் உட்காருங்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்கள் கேட்பதைக் கம்பெனிக்கும், கம்பெனி சொல்லும் சாக்குகளைப் பையர்களுக்கும் மொழிபெயர்த்துக் கொடுப்பதுதான் வேலை. மற்றவர்களுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராததால், என்னுடையது ரொம்ப உயர்ந்த இங்கிலீஷ் என்று பெயராகியிருந்தது.

அங்கே பேட்டர்ன் மாஸ்டராக இருந்தவர் சாலமோன். பையர் அனுப்பும் படத்தையும் அளவுத் தாளையும் பார்த்து, பழுப்பு அட்டையில் கைக்கு, கழுத்துக்கு, உடம்புக்கு என்று தனித்தனியாக வரைந்து வெட்டிக் கொடுப்பார். அந்த அட்டையை வைத்துத்தான் ஆயிரக்கணக்கில் துணி வெட்டுவார்கள். என்னைவிட நான்கு வயது மூத்தவர். சோமனூர்ப் பக்கத்து ஆள். பரம்பரையாகக் கிறிஸ்தவக் குடும்பம். அவர் அப்பா என் மாமாவின் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தவர். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், ஆறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்தும் அவர் என்னை 'சார்' என்பதை விடவில்லை. நானும் 'மாஸ்டர்' என்பதைத் தாண்டவில்லை. ஒருநாளும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கூடாது என்று யாரும் சொன்னதில்லை. நான் ஆபீஸ் ரூமில் சாப்பிடுவேன், அவர் ஜெனரேட்டர் ரூம் நிழலில் சாப்பிடுவார். அது தானாக அப்படி அமைந்துவிட்டது என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி விஷயம் எதுவும் தானாக அமைவதில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

சாப்பிட்டோம் என்று சொல்வதுகூடப் பெரிய வார்த்தை. டப்பாவைத் திறந்தால் ஏழு நிமிஷத்தில் மூடிவிடுவோம். ஒரு கையில் சோறு, மறு கையில் போன். ஃபேக்ஸ் மெஷின் கிர்ரென்றால் எழுந்து ஓட வேண்டும். திருப்பூரில் அந்தக் காலத்தில் யாராவது மென்று தின்றதாக எனக்கு ஞாபகமில்லை.

ஃபேக்ஸ் என்றதும் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இப்போது ஏ.டி.எம்.மில் வரும் சீட்டு மாதிரி வழுவழுப்பான தாள். வந்து விழும்போதே சுருண்டுகொள்ளும். இரண்டு தாள்கள் அடுத்தடுத்து வந்தால் ஒன்றுக்குள் ஒன்று பாயாகச் சுருண்டுவிடும். அதைவிட மோசம், எழுத்து நிற்காது. வெயிலும் சூடும் பட்டால் சாம்பல் நிறமாகி, ஒரு வருஷம் இரண்டு வருஷத்தில் வெறும் தாளாகிவிடும். முக்கியமானது வந்தால் உடனே ஜெராக்ஸ் எடுத்து வைப்போம்.

பாரீஸுக்கு எங்கள் முதலாளிதான் போக வேண்டியது. அவர் வீட்டில் ஐப்பசிக் கல்யாணத்துக்கு வேலை நெருக்கியது. அங்கே கைக்குழந்தைத் துணி வாங்கும் ஒரு கம்பெனியின் அளவு நிபுணர், கொலெத் என்ற அம்மாள், பேட்டர்ன் போடுகிறவரே நேரில் வந்து உட்கார்ந்தால்தான் ஆகும் என்று எழுதியிருந்தாள். அதனால் பேட்டர்னுக்கு மாஸ்டர், பேச்சுக்கு நான் என்று இரண்டு பேரும் விமானம் ஏறினோம். மாஸ்டர் போட்டிருந்த கோட்டு அவர் சபைப் பாதிரியாருடையது. நான் போட்டிருந்தது என் மைத்துனனுடையது. இரண்டு பேருக்குமே தோள் இறங்கியிருந்தது. துணி தைத்து விற்கப் போகிற லட்சணம்.

மூன்று நாள் வேலை. என் உயர்ந்த இங்கிலீஷுக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. கொலெத் கழுத்து மடிப்பைத் தொட்டுக் காட்டுவாள். மாஸ்டர் பென்சிலால் ஒரு வளைவு போடுவார். அவள் "வுவாலா!" என்பாள். இவர் "ஆமாங்க" என்பார். அவ்வளவுதான், அடுத்த அட்டை. ஆனால் மாஸ்டர் ஒவ்வொரு அளவையும் மூன்று தடவை எடுத்தார். டேப்பை வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார், வெளிச்சத்தில் திருப்பி இன்னொரு தடவை வைப்பார். மூன்றாம் நாள் கொலெத் என்னிடம் மெதுவாகக் கேட்டாள், இவர் எப்போதுமே இப்படியா என்று. இரண்டு வருஷமாகத்தான் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் என்னிடம் இருந்தது. என் தோள்பையில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்.

வேலை வெள்ளிக்கிழமை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை விமானம். இடையில் ஒரு சனிக்கிழமை சும்மா இருந்தது. கொலெத் ஓர் அட்டையில் ஓர் உணவகத்தின் பெயரை எழுதிக் கொடுத்தாள். எங்கள் கம்பெனி விருந்து, நான் ஊருக்குப் போகிறேன், நீங்கள் இரண்டு பேரும் போய் மெதுவாகச் சாப்பிடுங்கள் என்றாள். 'மெதுவாக' என்பதை இரண்டு முறை சொன்னாள். நாங்கள் சாண்ட்விச் தின்ற வேகத்தை மூன்று நாளாகப் பார்த்திருந்தாள். நான் கறி சாப்பிடமாட்டேன் என்றேன். தெரியும், சொல்லி வைத்துவிட்டேன் என்றாள்.

கறி சாப்பிடாதவன் இல்லை நான். அது புரட்டாசி மாதம். சனிக்கிழமையில் கவுச்சி தொடுவதில்லை என்று அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் விமானமே ஏறியிருந்தேன். அதுவரை நாங்கள் சாப்பிட்டது ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன் வைத்திருந்த கடையில். இடியாப்பமும் சொதியும். சனிக்கிழமை காலையில் டீ குடிக்கும்போது அட்டையை அவரிடம் காட்டினேன். "இஞ்ச போறதெண்டா நேரம் வேணும் தம்பி. பின்னேரம்தான் எழும்புவியள்" என்று சிரித்தார். சாப்பிட உட்கார்ந்தால் சாயந்திரம்தான் எழுந்திருக்க முடியுமாம்.

உணவகம் ஒரு சந்துக்குள் இருந்தது. பத்துப் பன்னிரண்டு மேஜைகள். மேஜைத் துணிக்கு மேலே ஒரு வெள்ளைக் காகிதம் விரித்திருந்தார்கள். மாஸ்டர் அதைத் தடவிப் பார்த்து, "நல்ல பேப்பருங்க சார். பேட்டர்ன் போடலாம்" என்றார். எதிரெதிரே உட்கார்ந்தோம். அதுதான் முதல் தடவை என்பது உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

கொண்டையில் பென்சில் செருகிய, ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள்தான் பரிமாறினாள். ரொட்டியைத் தட்டில்கூட வைக்காமல் அப்படியே காகிதத்தின் மேல் வைத்தாள். ஒரு கண்ணாடிக் கூஜாவில் வெளிர் மஞ்சளாக ஒயின் வந்தது.

மாஸ்டர் கூஜாவையும் என்னையும் பார்த்தார். "ஏனுங்க சார், பொரட்டாசி சனிக்கெழமைங்களே?"

"திராட்சை சைவம்தானே மாஸ்டர்" என்றேன்.

"அதும் சரிதானுங்க." ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "எங்க கோயல்ல ஒரு கரண்டி குடுப்பாங்க. அது நல்லா இனிப்பா இருக்குமுங்க. இதுல சக்கரையே போடலீங்களாட்ட இருக்குது."

முதலில் வெங்காயத்தாள் மாதிரி ஏதோ ஒன்றை வேகவைத்து, மேலே கடுகுச் சாறு ஊற்றிக் கொண்டுவந்தாள். இரண்டு நிமிஷம். தட்டுகள் பளபளவென்று காலி. அடுத்த மேஜைக்கு ரொட்டி கொடுத்துவிட்டுத் திரும்பியவள் எங்கள் தட்டைப் பார்த்து நின்றுவிட்டாள். எத்தனை நாள் பட்டினியோ என்று நினைத்திருப்பாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

போனவள் வரவில்லை. பத்து நிமிஷம், கால் மணி. பக்கத்து மேஜையில் வயதான இரண்டு பேர் முதல் தட்டின் பாதியில் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கை பரபரத்தது. ஃபேக்ஸ் இல்லை, போன் இல்லை, கூப்பிட ஆள் இல்லை.

"நம்மள மறந்துபோட்டாங்களா?" என்றார் மாஸ்டர்.

"இங்க இப்படித்தான் போல."

"அப்ப இத்தன நேரம் என்னதானுங்க பண்ணுவாங்க?"

"பேசுவாங்க."

மாஸ்டர் தலையாட்டினார். பேசுவதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒன்றுசேர்த்தார். எனக்கோ பேசுவதற்கு ஒன்றே ஒன்று இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக இருந்தது. ஒயின்மேல் நான் பழி போடமாட்டேன். அதுவரை ஒரு டம்ளர்கூட முடிக்கவில்லை. அந்தச் சும்மா இருந்த கால் மணி நேரம்தான் என்னைப் பேசவைத்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன் பையருக்குக் குழந்தைப் பனியன் அனுப்பினோம். போன சரக்கு முழுக்கத் திரும்பி வந்தது. கழுத்து சின்னது, குழந்தையின் தலை நுழையவில்லை. கழுத்தைக் கூட்டச் சொல்லித் திருத்திய அளவுத் தாளை ஃபேக்ஸில் அனுப்பியிருந்தோமே என்றார்கள். அப்படி ஒரு தாள் என் கோப்பில் இல்லை. வந்த எல்லாத் தாளையும் மாஸ்டரிடம் கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அதை நம்பித்தான் சொன்னேன். மாஸ்டரும் நம்பினார். தன் மேஜையில் குவிந்துகிடந்த காகிதங்களில் எங்கோ தொலைத்துவிட்டதாக முடிவு செய்துகொண்டார். முதலாளி அவரைக் கட்டிங் ஹாலின் நடுவில் நிறுத்தி, எல்லோர் முன்னாலும், "கொழந்த தல எத்தன பெருசிருக்கும்னு தெரியாதா உனக்கு? உன்ற ஊட்ல கொழந்த இல்ல?" என்று கத்தினார். அப்போது மாஸ்டரின் மகளுக்கு ஒரு வயது. அவர் டேப்பைக் கழுத்தில் போட்டபடி தலைகுனிந்து நின்றார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாளைத் தொலைக்கக்கூடியவர் அவர்தான் என்று அங்கே எல்லோருக்கும் எவ்வளவு சுலபமாகத் தோன்றியது! எனக்கும்தான்.

எட்டு மாதம் கழித்து வேறொரு பையரின் பழைய ஃபேக்ஸை விரித்தபோது, அதற்குள் சுருண்டு ஒட்டிக்கொண்டு அந்த அளவுத் தாள் இருந்தது. ஜெராக்ஸ் எடுக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கிழித்துப் போடவும் துணியவில்லை. மேஜை டிராயரில் வைத்திருந்தேன். அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். எழுத்து மங்கிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு கோடை போனால் தானாக அழிந்துவிடும், அப்புறம் சொல்வதற்கே ஒன்றுமில்லாமல் போய்விடும் என்று காத்திருந்தேன். ஒரு மனிதன் இவ்வளவு கேவலமாகவும் காத்திருக்க முடியும் என்பதை உங்களிடம் மறைக்கவில்லை.

இதையெல்லாம் மேஜைக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். ஊரிலிருந்து கிளம்பும்போது ஏனென்று தெரியாமலே அதை டிராயரிலிருந்து எடுத்துப் பையில் வைத்திருந்தேன். பிளாஸ்டிக் உறையோடு எடுத்து நீட்டினேன்.

மாஸ்டர் தாளை உருவினார். முதலில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுந்து சன்னலோரம் போய் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். உதடு அசைய ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"ஒன்னரை சென்டி" என்றார். "கழுத்துக்கு ஒன்னரை சென்டி கூட்டிப் போட்டிருக்குது."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கோட்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டுக் கதவைத் திறந்து வெளியே போய்விட்டார்.

அவருக்கு அந்த ஊரில் ஒரு தெருவும் தெரியாது. நன்றிக்குச் சொல்லும் 'மெர்சி' தவிர ஒரு வார்த்தையும் தெரியாது. பின்னால் ஓட வேண்டும் என்று தோன்றியது. ஓடிப்போய் என்ன சொல்வது? உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் சமையலறைக் கதவு திறந்து அந்த மணம் வந்தது. பரிமாறும் அம்மாள் இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டிலும் முழு மீன், மேலே பழுப்பாக உருகிய வெண்ணெய். கறி வேண்டாம் என்றால் மீன் என்று கொலெத் புரிந்துகொண்டிருக்கிறாள். எதிரே காலி நாற்காலி, முன்னால் புரட்டாசிச் சனிக்கிழமையில் ஒரு மீன். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அந்த அம்மாள் நாற்காலியைப் பார்த்தாள், அதில் தொங்கிய கோட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு தட்டையும் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். மாஸ்டர் வந்தார். தலைமுடியில் தூறல் துளிகள் இருந்தன. நாற்காலியை இழுத்து, இந்தத் தடவை முழுதாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கூஜாவில் இருந்ததை இரண்டு டம்ளரிலும் ஊற்றினார்.

"அந்த பனியன்ல ஒன்ன ஊட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்" என்றார். "என்ற புள்ளைக்கு மாட்டிப் பாத்தேன். காதுகிட்ட நின்னுபோச்சு. அது அழுவுது, நான் உடாம இழுக்கறேன். எப்படியோ நொழஞ்சுட்டா என்ற அளவு சரின்னு ஆயிருமில்ல? என்ற சம்சாரம் வந்து புள்ளையப் புடுங்கிட்டுப் போயிட்டா."

நான் வாயைத் திறந்தேன்.

"இரு" என்றார். "அந்தத் தாள ஊட்ல தேடாத எடமில்ல. அலமாரில விரிச்சுப்போட்டயான்னு அவளக் கேட்டு ரெண்டு நாள் சண்ட. எனக்கு என்ற கைமேலயே சந்தேகம் வந்துருச்சு. நீ அத டிராயர்ல வெச்சிருந்திருக்க."

எங்கள் பக்கத்துப் பேச்சு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அரை வாக்கியத்துக்குக்கூட ஒரு 'ங்க' போடாமல் யாரும் பேசமாட்டோம். திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத் திட்டுகிறவர்கள் உண்டு. ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் சாலமோன் மாஸ்டர் என்னிடம் 'ங்க' இல்லாமல் பேசினார். கோபத்தில் போனதா, வேறு எதிலாவது போனதா என்று எனக்குப் புரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இங்க சொன்னா போதாது" என்றார். "இந்த ஊர்ல நம்ம பேச்சு யாருக்குப் புரியும்? அங்க வந்து சொல்லோணும். நான் நின்ன எடத்துல நின்னு, எல்லார் முன்னாலயும் சொல்லு."

"சொல்றேன்" என்றேன்.

பரிமாறும் அம்மாள் மறுபடி இரண்டு மீன் தட்டுகளோடு வந்தாள். புதிதாகச் செய்தவை, ஆவி பறந்தது. எனக்கு மறுக்கத் தெம்பில்லை. அம்மாவிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று முள்கரண்டியை எடுத்தேன். மாஸ்டர் கையை நீட்டித் தடுத்தார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, மேஜைக் காகிதத்தில் ஒரே இழுப்பில் ஒரு மீன் வரைந்தார். அதன்மேல் பெருக்கல் குறி போட்டார். பென்சிலால் என்னைச் சுட்டிக்காட்டினார்.

அந்த அம்மாள் படத்தைப் பார்த்துவிட்டுக் கடகடவென்று சிரித்தாள். என் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

"சனிக்கெழம" என்றார் மாஸ்டர் என்னிடம், நான் மறந்துவிட்டவன்போல.

நான் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பாலும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட உருளைக்கிழங்கு எனக்கு வந்தது. அது வரும்வரை அவர் மீனைத் தொடவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் எவ்வளவு நேரம் சாப்பிட்டோம் என்றால், பக்கத்து மேஜைக் கிழவர்கள் எழுந்து போனபோது எங்களுக்குக் கையசைத்துவிட்டுப் போனார்கள். பாலாடைக்கட்டி தனியாக ஒரு பலகையில் வந்தது. ஒன்றை முகர்ந்துவிட்டு மாஸ்டர், சாயப்பட்டறை நாற்றம் இதற்குத் தேவலாம் என்றார். ஆனாலும் முழுக்கத் தின்றார். முதல் முதலாகக் கத்தரிக்கோல் பிடித்த கதையைச் சொன்னார். என் மாமாவின் தோட்டத்தில் அவர் அம்மா களை எடுத்ததைச் சொன்னார். தண்ணீர் குடிக்கக் கைகுவித்து நின்றதைச் சொன்னார். குரலை உயர்த்தாமல், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். அந்தத் தோட்டத்துக்கு நான் லீவுக்குப் போய்க் கிணற்றில் குதித்து விளையாடியவன். அவர் சொன்ன பக்கத்திலிருந்து அந்தக் கிணற்றை ஒருநாளும் பார்த்ததில்லை. காப்பி வந்தபோது மணி நான்கு. ஒயின் கூஜா காலி. இரண்டு பேருக்கும் லேசாகக் கால் தள்ளாடியது. அவர்தான் வழி கண்டுபிடித்து லாட்ஜுக்கு அழைத்துப் போனார். அந்த முக்கால் மணி நேரத்தில் தெருவையெல்லாம் படித்துவிட்டிருந்தார்.

திருப்பூர் வந்து இறங்கியதும் நான் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனேன், சொல்லவில்லை. புதன்கிழமை முதலாளி நல்ல மனநிலையில் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாஸ்டர் என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. வியாழக்கிழமை பதினோரு மணி டீ நேரத்தில் முதலாளி கட்டிங் ஹாலுக்கு வந்திருந்தார். மெஷின்கள் நின்றிருந்தன. மாஸ்டர் அன்று நின்ற அதே இடத்துக்குப் போய் நின்றேன். ஜெர்மன் ஆர்டரின் அளவுத் தாள் என்னிடம்தான் இருந்தது, நான்தான் கொடுக்கவில்லை, மாஸ்டர்மேல் தப்பே இல்லை, தெரிந்த பிறகும் ஒரு வருஷத்துக்கு மேல் மறைத்தேன் என்று சொன்னேன். டீ டம்ளர்கள் அப்படி அப்படியே நின்றன.

"பழைய கதைய எதுக்கப்பா இப்பக் கெளர்ற?" என்றார் முதலாளி.

அயர்ன் மாஸ்டர் ஆறுமுகம் மட்டும் சத்தமாகக் கேட்டார். "அப்ப நம்ம சாலமோன் அளவு அன்னைக்கும் சரியாத்தான் இருந்துச்சுங்களா?"

"சரியாத்தான் இருந்துச்சுங்க" என்றேன்.

மாஸ்டர் மேஜையில் குனிந்து சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. மெஷின்கள் மறுபடி ஓடின. முதலாளி மறுவாரமே வெளிநாட்டு வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு, என்னை நான்கு மாதம் சாயப்பட்டறைகளுக்கு அலையவிட்டார். ஒருநாள் சாய்ந்தரம் சாயத்தில் நீலமான கையோடு கட்டிங் ஹாலைக் கடந்து போனேன். மாஸ்டர் டேப்பை வைத்தார், எடுத்தார், கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக்கொண்டே போனார். ஒரே தடவைதான். நான் நின்று இன்னொரு அட்டையையும் பார்த்தேன். அதுவும் ஒரே தடவை.

அதற்குப் பிறகு ஒருநாள் அவரே வந்து, "ஏப்பா, சனிக்கெழம சாப்பாட்டுக்குப் போலாமா, அந்த ஊர்க்காரனாட்ட?" என்றார். திருப்பூர் மெஸ்களில் அது நடக்கிற காரியமா? நாம் மோருக்குக் கைநீட்டும்போதே அடுத்த ஆள் நம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அதனால் என் ஸ்கூட்டரில் அவிநாசி போவோம். தேர்வீதியைத் தாண்டி ஒரு சின்ன மெஸ். நடத்திய அம்மா பேர் சரசக்கா. "இவிங்க ரெண்டு பேரும் சாப்புட உக்காந்தா பொழுது எறங்கீரும்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஐந்தாறு வருஷம் அப்படிப் போனோம். ஒயின் இல்லை, ரசம் இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் மாஸ்டருக்கு மொரீஷியஸில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே பிரெஞ்சு பேசுவார்களாம். எனக்கும் அதற்குள் சொந்தமாக ஒரு சின்ன யூனிட். இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தார். ஒரு சனிக்கிழமை அவிநாசி போனோம். ரோட்டை அகலப்படுத்தியதில் சரசக்கா மெஸ் போய்விட்டிருந்தது. அந்த அம்மா மகளோடு கோயமுத்தூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். சரி என்று பைபாஸ் ஓரம் ஒரு பேக்கரியில் நின்றோம். நாற்காலி இல்லை. கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றபடியே ஆளுக்கொரு பப்ஸ், டீ. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டீ. மகள் ஆறாம் வகுப்பில் முதல் ரேங்க் என்றார். அங்கே கடல் மீனை எப்படிச் சமைக்கிறார்கள் என்று சொன்னார். என் யூனிட்டில் நான் செய்யும் தப்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுத் திருத்தினார். லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. கால் வலித்தது, ஆனால் கிளம்பலாம் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. இரண்டரை மணி நேரம் நின்றிருக்கிறோம். பேக்கரிக்காரர் கடைசி டீக்கு முன்னால், "உங்களுக்கு வேணா ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டர்றனுங்க" என்றார்.

மறு வருஷம் மாஸ்டர் அங்கேயே மாரடைப்பில் போய்விட்டார். உடலைச் சோமனூருக்குக் கொண்டுவந்தார்கள். சர்ச் வாசலில் அவர் மகள் என்னைக் கண்டுபிடித்து வந்து, "அங்கிள், அப்பா உங்களப் பத்தி நெறையச் சொல்லும்" என்றது. என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அந்த பேக்கரி இருந்த இடத்தில் இப்போது மேம்பாலத்தின் தூண் ஒன்று நிற்கிறது. அதன் இரண்டு பக்கமும் வேலையாட்களை ஏற்றிய வேன்கள், கண்டெய்னர்கள், பைக்குகள் எந்நேரமும் ஓடுகின்றன. வாரத்தில் மூன்று நாள் நானும் அந்த வழியாகத்தான் போகிறேன். கொஞ்சம் வேகத்தைக் குறைத்தால்கூடப் பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்கிறான்.